அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு வெற்று வரி

கவிதைப் புத்தக வெளியீடுகளில் மறக்க முடியாத மாலை எது என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையதைச் சொல்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி வேலை செய்கிறேன், அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், நினைவஞ்சலி போஸ்டர், நடுநடுவே வருஷத்துக்கு நாலைந்து புத்தகம். பண்ருட்டிப் பக்கத்துக் கவிஞர் ஒருவரின் தொகுப்பை அப்படித்தான் வடிவமைத்தேன். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வெளியீடு புதுச்சேரியில். "பேச்சாளர் யாரும் கிடையாது தம்பி. எட்டுப் பேர், ஆளுக்கு ரெண்டு கவிதை வாசிக்கிறாங்க. வந்துடு" என்றார்.

அதைக் கேட்டதுமே சந்தோஷமாக இருந்தது. வாழ்த்துரை, ஆய்வுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து கவிதைக்கு முறை வரும்போது பாதி நாற்காலி காலியாகிவிடுகிற கூட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் பஸ் ஏறி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்து, ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மாடி அரங்கம். ஐம்பது பேர் இருக்கலாம்.

ஐந்தாவதாக ஒரு கல்லூரி மாணவி வந்தார். தானே புயலைப் பற்றிய கவிதை. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையைக் கடந்ததை எங்கள் பக்கத்து ஆட்களிடம் சொல்லவே வேண்டாம். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த தோப்புகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அந்தப் பெண் ஆள்காட்டி விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு, நிதானமாக வாசித்தார். கடைசி வரிகள் இவை:

புயல் சாய்த்த பலாவின் இடத்தில்
இப்போதும் உச்சிவேளையில்
நிழலுக்கு வந்து நிற்கிறார்
அப்பா

நல்ல வாசிப்பு. கை தட்டினோம்.

கடைசியில் அண்ணன் ஏற்புரைக்கு எழுந்தார். உரை எதுவும் நிகழ்த்தவில்லை. பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து அதே கவிதையைத் திரும்ப வாசித்தார். "நிழலுக்கு வந்து நிற்கிறார்" என்றதும் நிறுத்திவிட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும். வந்து நிற்பது யார் என்று தெரியாமல் ஐம்பது பேரும் காத்திருந்தோம். அப்புறம்தான், மைக்கை விட்டுக் கொஞ்சம் விலகி, "அப்பா" என்றார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

ஏனென்றால் அந்த இடைவெளியை எடுத்தவன் நான். கையெழுத்துப் பிரதியில் "அப்பா"வுக்கு முன்னால் ஒரு வரி வெற்றாக விட்டிருந்தார். கணினியில் 61ஆம் பக்கம் நிரம்பி, "அப்பா" மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய் விழுந்தது. ஒவ்வொரு கவிதையும் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் மொத்தம் 97 பக்கம். புத்தகத்தைப் பெரிய தாள்களில் ஃபாரம் ஃபாரமாகத்தான் அச்சடிப்பார்கள். ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம், ஆறு ஃபாரம் 96. ஒரு சொல்லுக்காக இன்னொரு ஃபாரமா என்று வெற்று வரியை எடுத்தேன். சரியாகப் பொருந்தியது. மெய்ப்பு பார்த்தபோது ஒற்றுப் பிழை, எழுத்துப் பிழை எல்லாம் திருத்திய அவர் கண்ணிலும் இது படவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது இதே யோசனைதான். ஓலைச்சுவடியில் செய்யுளை வரி பிரிக்காமல்தான் எழுதினார்கள். புள்ளிகூட வைக்காத சுவடிகள் உண்டு. அப்படியும் பழகியவர்கள் வாசித்துவிடுவார்கள். சீர் எங்கே முடிகிறது, அடி எங்கே முடிகிறது என்று யாப்பு சொல்லிவிடும். அப்பர் பாடி எங்கள் கரையேறவிட்டகுப்பத்தில் கரை சேர்ந்ததாகச் சொல்லும் பதிகம், அச்சு வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பிருந்தே ஓதுவார்கள் குரலில் இருந்தது. புதுக்கவிதைக்கு அந்தக் காவல் இல்லை. எங்கே மூச்சு விடுவது என்பதற்கு அதனிடம் இருப்பது வரி முறிவும் வெற்றிடமும்தான். அதைத்தான் நான் காகிதக் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

பஸ் ஏறுவதற்கு முன்பே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பேனாவை நிறுத்தி, "அந்தப் பொண்ணு வாசிக்கும்போதுதான்டா எனக்கே தெரிஞ்சுது. நானும்தானே பாக்காம விட்டேன்" என்றார். பிறகு அடுத்த பிரதியை வாங்கி, 61ஆம் பக்கத்தைப் புரட்டி, "அப்பா"வுக்கு முன்னால் பேனாவால் ஒரு சின்னக் குறுக்குக்கோடு இழுத்துவிட்டு, அப்புறம் முதல் பக்கத்தில் கையெழுத்திட்டார். மிச்சமிருந்த பிரதிகளை நான் பிரித்துப் பிரித்துக் கொடுக்க, அவர் கோடு போட்டுக்கொண்டே வந்தார். வெளியே வரும்போது மணி ஒன்பதே கால்.

இப்போதெல்லாம் யார் கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தாலும், அச்சுக்கோப்பதற்கு முன்னால் அவர்கள் குரலிலேயே வாசித்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறேன். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வரி முறிவுகளைச் சரிபார்ப்பேன். சிலருக்கு எரிச்சல்தான், பொறுத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தத் தொகுப்பு மறுபடி அச்சுக்குப் போகிறது. அந்தக் கவிதைக்கு இரண்டு பக்கம் விட்டிருக்கிறேன். அதற்கு ஈடாக அண்ணன் தன் முன்னுரையில் ஒரு பக்கத்தை வெட்டிக் கொடுத்துவிட்டார். அதே 96 பக்கம்தான்.