குழந்தைகள் ஐ.சி.யூ. நர்ஸ்களே, ஆன்லைனில் படித்தது படுக்கையருகே எப்போது கைகொடுத்தது?

அரசு மருத்துவமனை, குழந்தைகள் ஐ.சி.யூ.

ஆன்லைன் பயிற்சியில் படித்த ஏதாவது ஒன்று, ஒரு குழந்தைக்கு நேரடியாகப் பயன்பட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? இருந்தால் எழுதுங்கள். சர்டிபிகேட் கதை வேண்டாம். முதலில் என்னுடையது.

பெரியவர்கள் வார்டிலிருந்து என்னைக் குழந்தைகள் ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். தனியாகப் பயிற்சி எதுவும் இல்லை. அங்கு மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த டாக்டர் மேடம் ஒருவர்தான் ஓபன்பீடியாட்ரிக்ஸ் தளத்தைக் காட்டினார். அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை நடத்துவது, கட்டணம் கிடையாது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பார்க்க ஆரம்பித்தேன்.

என்னை மாற்றியது ஷாக், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலை, பற்றிய பாடம். பெரியவர்கள் வார்டில் பிரஷர் இறங்கினால்தான் பதறுவோம். குழந்தையின் உடம்பு அப்படி இல்லை. துடிப்பைக் கூட்டி, கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, பிரஷரைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கும். அது இறங்கும்போது நம் கையில் இருக்கும் நேரம் மிகவும் குறைவு. அதனால் பிரஷருக்கு முன்னால் துடிப்பு, பாதத்தின் சூடு, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்பும் நேரம், யூரின், குழந்தையின் முகத்தெளிவு எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார்கள்.

அப்புறம் ஒரு மழைக்காலம், டெங்கு சீசன். ஏழு வயதுப் பையன், ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டிருந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். பிரஷர் 100/84. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் குறையே இல்லை. ஒன்றிலிருந்து பத்து வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி 70 கூட்டினால் வருவதுதான் மேல் எண்ணுக்குக் குறைந்தபட்ச எல்லை. இவனுக்கு அது 84தான். ஆனால் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 16. டெங்குவில் 20 அல்லது அதற்குக் கீழே என்றால் ஷாக். பாதம் சில்லென்று இருந்தது.

முன்பெல்லாம் "சார், பையன் டல்லா இருக்கான்" என்றுதான் போன் செய்வோம். அன்று பயிற்சியில் சொன்ன வரிசையில் சொன்னேன்: "சார், ஏழு வயசு, டெங்கு அஞ்சாம் நாள், காய்ச்சல் இல்ல. பிரஷர் வித்தியாசம் 16. கால் சில்லுனு இருக்கு, நகத்துல நிறம் திரும்ப நாலு செகண்ட் ஆகுது. ஆறு மணி நேரமா யூரின் இல்ல. இப்பவே வந்து பாருங்க." டாக்டர் உடனே வந்தார். பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறியிருந்தது. ஃப்ளூயிட் ஆரம்பித்து, மணிக்கு மணி பார்த்துக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பையன் தேறி வார்டுக்குப் போனான்.

டியூட்டி டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார். குழந்தை பக்கத்திலேயே நிற்பது நாம்தான். பார்த்ததை அவர் எழுந்து வரும்படி சொல்லத் தெரிய வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இந்தப் பயிற்சியில்தான் வந்தது.

கோவை, தனியார் மருத்துவமனை

அக்கா, எனக்கு வென்டிலேட்டர். அதே தளத்தில் வென்டிலேட்டர் சிமுலேட்டர் ஒன்று இருக்கிறது. எண்களை மாற்றினால் என்ன ஆகும் என்று நாமே செய்து பார்க்கலாம். நிஜக் குழந்தையிடம் அப்படித் தொட்டுப் பார்க்க முடியுமா?

மூச்சுக்குழாயில் டியூப் போட்ட குழந்தைக்குத் திடீரென்று சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்கினால் "டோப்" என்று நான்கு எழுத்து சொல்லிக்கொடுப்பார்கள். டியூப் நகர்ந்ததா, அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததா, மெஷின் கோளாறா. ஒரு நைட் டியூட்டியில், பெட்ஷீட் மாற்றிய கொஞ்ச நேரத்தில் ஒரு வயதுக் குழந்தைக்கு 80க்கு இறங்கியது. மெஷினிலிருந்து கழற்றி, கையால் அழுத்தும் அம்பு பேக்கில் மூச்சு கொடுத்தோம். வலது மார்பு மட்டும் ஏறியது. உதட்டில் 12 சென்டிமீட்டரில் இருந்த டியூப் 14க்குப் போயிருந்தது. டியூப் உள்ளே இறங்கினால் பெரும்பாலும் வலது பக்கம்தான் போகும். டாக்டர் இழுத்துச் சரி செய்ததும் சாச்சுரேஷன் ஏறிவிட்டது. இப்போது எங்கள் யூனிட்டில் ஒவ்வொரு ஹேண்டோவரிலும் அந்த சென்டிமீட்டர் எண்ணை வாய்விட்டுச் சொல்கிறோம்.

தாலுகா மருத்துவமனை, அவசரப் பிரிவு

எங்களுக்கு ஐ.சி.யூ. இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை குழந்தையைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வேலை. எனக்கு ஆன்லைனில் உதவியது அட்ரினலின் கணக்கு. ஆம்பியூலில் 1 மில்லியில் 1 மில்லிகிராம். அதோடு 9 மில்லி சலைன் சேர்த்து 10 ஆக்கி, அதிலிருந்து கிலோவுக்கு 0.1 மில்லி. துடிப்பு நின்ற 10 கிலோ குழந்தைக்கு 1 மில்லி. 5 கிலோவிலிருந்து 30 கிலோ வரை அட்டவணை போட்டு, டாக்டரிடம் சரிபார்த்து, கிராஷ் ட்ராலியில் ஒட்டிவிட்டேன். அந்த நேரத்தில் யாரும் மனக்கணக்குப் போட வேண்டாம்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மார்பு அழுத்துவதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. நிமிடத்துக்கு 100 முதல் 120, மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பேர் இருந்தால் 15க்கு 2 மூச்சு என்று யாரும் ஒப்பிக்கலாம். பொம்மையில் இரண்டு நிமிடம் அழுத்தினால்தான் கை எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது என்று தெரியும். பால்ஸ் என்னும் குழந்தைகள் உயிர்காப்புப் பயிற்சியில் பாடத்தை ஆன்லைனில் முடித்தாலும் செய்முறைக்கு நேரில் போகச் சொல்வது அதனால்தான்.

நான் முன்பு இருந்த ஓர் இடத்தில், நைட் முடித்த பிள்ளைகளை வீட்டில் சொந்த டேட்டாவில் வீடியோ பார்க்கச் சொன்னார்கள். தூக்கக் கலக்கத்தில் ஓடவிட்டு சர்டிபிகேட் எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பயிற்சிக்கு டியூட்டி நேரத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும். இதில் எனக்குக் கோபமே உண்டு.

நர்சிங் ஆசிரியை

எல்லாம் அருமை. ஒரு எச்சரிக்கை மட்டும். வெளிநாட்டுப் பாடங்கள் வென்டிலேட்டரும் ஆட்களும் நிறைந்த ஐ.சி.யூ.வை மனதில் வைத்துச் செய்தவை. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் நடந்த ஃபீஸ்ட் ஆய்வைப் படியுங்கள், 2011இல் வந்தது. கடுமையான காய்ச்சலோடு, ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகள். வேகமாக ஃப்ளூயிட் ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்கு 10.5 பேர் இறந்தார்கள். அப்படி ஏற்றாதவர்களில் 7.3. எல்லோரும் நல்லது என்று நம்பியிருந்த சிகிச்சை அது.

அதனால் ஷாக் என்றதும் பாட்டிலை முழுவதும் திறந்துவிடாதீர்கள். ஆர்டர் டாக்டருடையது, உங்கள் யூனிட் புரோட்டோகால்படி நடக்கட்டும். ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் மூச்சு வேகம், நுரையீரல் சத்தம், கல்லீரல் பெரிதாகிறதா என்பதைப் பார்த்து உடனே சொல்வது நம் பொறுப்பு.

அரசு மருத்துவமனை, குழந்தைகள் ஐ.சி.யூ.

ரொம்ப நன்றி, மேடம். நாங்களும் அந்தப் பையனுக்கு ஃப்ளூயிடை அளவாக ஏற்றும் பம்ப்பில்தான் ஓட்டினோம்.

நேரம் பற்றிச் சொன்ன சகோதரிக்கு: எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் காலை ஹேண்டோவர் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். ஒருத்தர் ஒரு தலைப்பைப் பார்த்துவிட்டு வந்து தமிழில் சொல்ல வேண்டும், உடனே பொம்மையிலோ பம்ப்பிலோ செய்து காட்ட வேண்டும். ஆங்கில உச்சரிப்பு புரியாமல் ஒதுங்கியிருந்த பிள்ளைகள்தான் இப்போது அதிகம் கேள்வி கேட்கிறார்கள். அடுத்த வாரம் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன், என் முறை. கைக்குழந்தைக்கு சக்‌ஷன் செய்யும்போது துடிப்பு இறங்கிய அனுபவம் யாருக்காவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். வகுப்பில் அதையும் சொல்கிறேன்.