எம்.ஜி. காமெட் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. 2023-இல் காமெட் வந்ததிலிருந்தே அதன்மேல் ஒரு கண். மூன்று மீட்டர்கூட நீளமில்லாத மின்சார கார் இந்தச் சந்துக்கு வேறெது? டெஸ்ட் டிரைவில், ஆட்டோவே பின்வாங்கித் திரும்பும் எங்கள் முக்கில் ஒரே ஒடிப்பில் திரும்பிவிட்டது. அம்மாவுக்கும் ஏறி இறங்க வசதியாக இருந்தது. பின்சீட்டுக்குப் போவதுதான் சிரமம், இரண்டே கதவு.

ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்தால் ஓடும் என்று நிறுவனம் சொல்வது 230 கி.மீ. சித்திரை வெயிலில் ஏசி போட்டு, நாலு பேரோடு போனால் உண்மையில் எவ்வளவு வருகிறது?

முக்கியமான கவலை சார்ஜிங். 17.3 கிலோவாட் மணி பேட்டரி, 3.3 கிலோவாட் சார்ஜரில் முழுதாக ஏற ஏழு மணி நேரம். எங்களுடையது பழைய வீடு. 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது, ஆனால் வயரிங்கும் எர்த்தும் பழசு. தனி லைன் இழுத்தீர்களா? லோடு கூட்டச் சொல்லி மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததா?

அப்புறம், பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டம். தினமும் ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு அது கட்டுப்படியாகிறதா? அதில் வாங்கியவர்கள் மாதக் கணக்கோடு சொன்னால் பெரிய உதவி.