‘அவுட்கம்’: விளைவா, பேறா, பயனா?

சிட்னியிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படிவத்தைத் தமிழில் தர வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கு உதவும் அமைப்பு ஒன்று, தன் உதவியால் அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று அளக்கப்போகிறது. தலைப்பே ‘கிளையன்ட் அவுட்கம்’. எத்தனை பேருக்கு ஆலோசனை கொடுத்தோம், எத்தனை இரவு தங்கவைத்தோம் என்பதெல்லாம் ‘அவுட்புட்’. அதற்கு ‘வெளியீடு’ என்று போட்டுவிட்டேன். இப்போது பயமில்லாமல் தூங்குகிறாளா, வங்கி அட்டை அவள் கையில் இருக்கிறதா, இதுதான் ‘அவுட்கம்’. நியூ சௌத் வேல்ஸில் 2024 ஜூலை 1 முதல், துணையைத் தொடர்ந்து மிரட்டி அடக்கி ஆள்வதே தனிக் குற்றம். அதனால் ‘அடி நின்றதா’ என்று கேட்டு முடித்துவிட முடியாது. தயவுசெய்து யாரும் ‘வாடிக்கையாளர்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கோவையிலிருந்து:
‘விளைவு’ போதுமே அம்மா. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘கற்றல் விளைவுகள்’ என்றுதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கட பாடத்திட்டத்தில் ‘கற்றற்பேறு’. விளைவு என்றதும் பக்கவிளைவு, பின்விளைவு என்று கெட்டதுதான் முதலில் நினைவுக்கு வரும். ‘சேவை பெறுநர் பேறு’ என்று போடுங்கோ அக்கா. பெறு, பெறுநர், பேறு எல்லாம் ஒரே வேர்.

சிட்னியிலிருந்து:
வேர் அழகுதான் தம்பி. ஆனால் இந்தப் படிவத்தை மருத்துவமனையிலும் கொடுப்பார்கள். ‘உங்கள் பேறு’ என்று பார்த்தால் எத்தனையாவது பிள்ளை என்று எழுதிவிடுவார்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
குறள் 103ஐ ஒருவரும் தொடவில்லையே! ‘பயன்தூக்கார் செய்த உதவி’. தூக்குதல் என்றால் சீர்தூக்கி எடைபோடுதல். தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளில் ஒன்றாகத் ‘தூக்கு’ என்பதை வைத்ததையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அளக்கும் வேலை, அளக்கும் பொருள் இரண்டையும் ஒரே தொடரில் அடக்கலாம்: ‘பயன்தூக்கல்’.

சென்னையிலிருந்து:
ஐயா, வள்ளுவர் அங்கே பாராட்டுவது பயனைத் தூக்கிப் பார்க்காதவர்களை. இங்கே பணம் கொடுப்பவர்கள் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்புறம், அந்தப் பெண்கள் கையில் கொடுக்கும் தாளில் ‘தூக்கு’ என்று அச்சடிக்கலாமா?

தஞ்சாவூரிலிருந்து:
கூடாது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘பயன்’ இருக்கட்டும்.

சிட்னியிலிருந்து:
நல்லவேளை. ‘இம்பாக்ட்’ என்ற கட்டத்துக்கு ‘தாக்கம்’ என்று எழுதி வைத்திருந்தேன். அதையும் அழித்துவிட்டேன்.

மதுரையிலிருந்து:
இப்படியொரு மையத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். வீட்டுக்குத் திரும்பிப் போனவளை ‘முன்னேற்றம் இல்லை’ என்று குறிக்கச் சொல்வார்கள். பிரிகிற சமயத்தில்தான் ஆபத்து கூடும் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று திரும்பிப் போனாள். போகும்போது எங்கள் எண்ணை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். நகலெடுத்த சான்றிதழ்களை அக்கா வீட்டில் கொடுத்துவிட்டாள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ‘பயன்’ என்றால் ஏதோ நாம் கொடுத்து அவள் வாங்கியது போல இருக்கிறது. ‘பயனாளி’ அதைவிட மோசம், இலவச மிக்சி வரிசை. ‘நிலைமாற்றம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

கோவையிலிருந்து:
அது பனிக்கட்டி நீராவதற்கு இயற்பியலில் இருக்கிற சொல்.

மதுரையிலிருந்து:
இருக்கட்டுமே. பனிக்கட்டி கோபித்துக்கொள்ளாது.

சிட்னியிலிருந்து:
நாளை காலை அனுப்ப வேண்டும். பெண்கள் நிரப்பும் பக்கத்தில் கலைச்சொல்லே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்: ‘எங்களிடம் வந்த பிறகு உங்கள் நிலைமையில் என்ன மாறியிருக்கிறது?’ என்று கேள்வியாகவே வைக்கிறேன். திரும்பிப் போனவர்களுக்கும் தங்கள் வார்த்தையில் எழுத இடம் கேட்டிருக்கிறேன். அறிக்கைத் தலைப்புக்கு மட்டும் ‘நாடிவந்தோர் பயன்’. மதுரை அக்காவுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

மதுரையிலிருந்து:
பிடிக்கவில்லைதான். கேள்வி நன்றாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சரி அக்கா, அனுப்புங்கோ. நான் ‘பேறு’ என்றுதான் எழுதுவேன்.

கோவையிலிருந்து:
அந்த ‘வெளியீடு’? புத்தக வெளியீடு என்று நினைக்கமாட்டார்களா?