போலி முனையத்தில் பிபிபி: ஒத்திசைவு முறையில் ஃபிரேம்கள் ஒட்டிக்கொள்வது ஏன்?

கேள்வி:
வணக்கம். லினக்ஸில், பிபிபி (இரு முனைகளை நேரடியாக இணைக்கும் நெறிமுறை) இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரலின் ‘பிடிஒய்’ (போலி முனையம், அதாவது இரு நிரல்களை இணைக்கும் மென்பொருள் முனையம்) விருப்பத்தின் வழியே நானே எழுதிய சிறிய டனல் நிரல் ஒன்றை இயக்கி வருகிறேன். ஒரு ரீட் அழைப்பில் கிடைப்பதை ஒரு ஃபிரேம் (தலைப்புடன் கூடிய ஒரு தரவுத் தொகுதி) என்று கொண்டு, அதை ஒரு யுடிபி பாக்கெட்டில் இட்டு மறுமுனைக்கு அது அனுப்புகிறது. இரு முனைகளிலும் ‘சிங்க்’ (ஒத்திசைவு முறை) விருப்பம் உண்டு, எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1,400 பைட்டுகள். பிங் குறையின்றிப் போய் வருகிறது. பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கினால் மட்டும் பாக்கெட்டுகள் தொலைகின்றன. அப்போது சில ரீட் அழைப்புகளில் 2,808 பைட்டுகள் வருகின்றன. ‘சிங்க்’ விருப்பத்தை நீக்கினால் வேகம் குறைந்துவிடுமோ என்று தயங்குகிறேன்.

பதில் 1:
விடை அந்த 2,808 என்ற எண்ணிலேயே இருக்கிறது. தலைப்புச் சுருக்கங்கள் இல்லாதபோது 1,400 பைட் தரவுக்கு முன்னால் 255, 3 என்ற இரு பைட்டுகளும் நெறிமுறை எண்ணுக்கு இரண்டும் சேர்ந்து 1,404 ஆகின்றன. உங்களுக்கு வந்தது அதைப் போல் சரியாக இரு மடங்கு. போலி முனையம் வெறும் பைட் ஓடையே. உங்கள் நிரல் படிப்பதற்குள் பிபிபிடி தரப்பிலிருந்து அடுத்த ஃபிரேமும் எழுதப்பட்டுவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். ஒத்திசைவு முறையில் நீளமும் இல்லை, எல்லைக் குறியும் இல்லை. 255, 3 என்ற இணை தரவுக்குள்ளேயும் வரக்கூடும் என்பதால் அதைத் தேடி வெட்டுவதும் நம்பத்தக்கதன்று. பிங்கில் பிழை தெரியாததற்குக் காரணம், இரு ஃபிரேம்களுக்கு இடையே போதிய நேரம் கிடைப்பதுதான்.

‘சிங்க்’ இல்லாத ஒத்திசையா முறையில், 1994இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1662 என்ற இணையத் தரநிலை ஆவணத்தின்படி 126 என்ற பைட் எல்லையாகிறது. தரவில் 126 அல்லது 125 வந்தால், முன்னால் 125ஐ இட்டு, அந்தப் பைட்டை 32உடன் எக்ஸ்ஆர் செய்து எழுதுவார்கள். முப்பத்திரண்டு கட்டுப்பாட்டுக் குறிகளையும் இவ்வாறு மாற்றினால், சீராகக் கலந்த தரவில் 256க்கு 34 பைட்டுகள், அதாவது ஏறத்தாழ 13 விழுக்காடு கூடும். ‘அசிங்க்மேப் 0’ (கட்டுப்பாட்டுக் குறிகள் எதையும் மாற்ற வேண்டாம்) என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கூடுதல் 256க்கு இரண்டு மட்டுமே. 1,400 பைட்டில் பதினொன்று. இதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் செலவு பைட்டுகளில் மட்டும் இல்லை. ஒவ்வொரு பைட்டையும் சோதிக்கும் சிபியு உழைப்பும் உண்டு. ஈதர்நெட் வழியே பிபிபியை நடத்தும் ஆர்பி-பிபிபிஓஇ நிரலின் கையேடு, அந்த உழைப்பு வெகுவாகக் குறைவதால் ஒத்திசைவு முறையைப் பரிந்துரைத்துவிட்டு, மெதுவான கணினிகளில் எழுதுவதற்கும் படிப்பதற்கும் இடையே போட்டி நேரலாம் என்பதால் இயல்பு அமைப்பை ஒத்திசையா முறையிலேயே விட்டிருக்கிறது. கர்னலின் என்_எச்டிஎல்சி என்ற லைன் டிசிப்ளினை (முனையத்தின் வழியே செல்லும் பைட்டுகளைக் கையாளும் பகுதி) பொருத்துவோரும் உண்டு. ஆனால் அது தன்னிடம் ஒருமுறை வந்து சேர்வதை ஒரு ஃபிரேமாகக் கொள்கிறதே தவிர, முன்னரே ஒட்டியதைப் பிரித்துத் தராது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ‘சிங்க்’ விருப்பத்தை நீக்கி, எல்லைக் குறியைத் தேடும் பகுதியை எழுதினேன். முதல் முயற்சியில் 125 ஒரு ரீட் அழைப்பின் கடைசிப் பைட்டாக வந்தபோது அடுத்த அழைப்பில் அதை மறந்துவிட்டேன். அந்த நிலையை அழைப்புகளுக்கு இடையே சேமித்த பின்னர் நகலெடுப்பு இழப்பின்றி முடிகிறது.