பொருள்: டயப்பர் மேசைக்கான சுவர் அட்டை – 'காண்டாக்ட் டைம்' தமிழில் எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டிலேயே சில குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு சுவர் அட்டை தயாரிக்கிறோம். டயப்பர் மாற்றும் மேசைக்கு மேலே ஒட்டுவதற்கு. ஒரு கை குழந்தைமேல் இருக்கும்போதே நிமிர்ந்து பார்த்துப் படிக்க வேண்டிய அட்டை என்பதால் சொற்கள் குறைவாக, குழப்பமில்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். முதலாவது, ஆங்கிலத்தில் 'க்ளீனிங்', 'சானிடைசிங்', 'டிஸ்இன்ஃபெக்டிங்' என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வதெல்லாம் தமிழுக்கு வந்ததும் 'சுத்தம் செய்தல்' ஆகிவிடுகிறது. இரண்டாவது, மருந்துக் கரைசல் மேசைமேல் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் 'காண்டாக்ட் டைம்'. வரைவில் 'தொடர்பு நேரம்: 10 நிமிடம்' என்று போட்டிருந்தோம். படித்துப் பார்த்தவர்களில் ஒருவர், "யாரைத் தொடர்புகொள்ள வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஒரு நல்ல சொல் தாருங்கள்.

* * *

வணக்கம்.

'ஊறுநேரம்' என்று வைக்கலாமே. ஊறுகின்ற, ஊறிய, ஊறும் நேரம் என்று முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. இன்னொரு பொருத்தமும் உண்டு. ஐம்புலன்களில் தொடுவுணர்வுக்குப் பழந்தமிழ்ப் பெயரே 'ஊறு'தான். 'காண்டாக்ட்' என்பதும் தொடுகைதானே? ஒரே சொல்லில் தொடுகையும் வந்துவிடுகிறது, ஊறலும் வந்துவிடுகிறது. இப்படி ஒன்று தானாகக் கிடைப்பது அபூர்வம்.

மற்ற மூன்றுக்கும் 'தூய்மை', 'தூய்மிப்பு', 'தூய்மாக்கம்' என்று ஒரே வேரிலிருந்து அடுக்கினால் அழகாக இருக்கும்.

* * *

ஐயா, வணக்கம். 'ஊறு' விளக்கத்தை ரசித்துப் படித்தேன். ஆனால் இந்த அட்டையில் அது வேண்டாம் என்பேன். இன்றைய காதுக்கு 'ஊறு' என்றால் தீங்கு. குழந்தையைக் கிடத்தும் மேசைக்கு மேலே 'ஊறுநேரம் 10 நிமிடம்' என்று எழுதி ஒட்டினால் பெற்றோர் திரும்பிக்கூடப் பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பொருளும் சரியாக உட்காரவில்லை. ஊறுவது துணி. டயப்பர் மாற்றும் பரப்பு எதையும் உறிஞ்சவே கூடாது. வழவழப்பான, வெடிப்பில்லாத, நீர் புகாத விரிப்பாக இருந்தால்தான் மருந்து வேலை செய்யும். துணி உறை போட்ட மெத்தையிலோ, பூச்சு உரிந்த மரத்திலோ கிருமி உள்ளே பதுங்கிக்கொள்ளும், மேலே என்ன தெளித்தாலும் பயனில்லை. ஊறவிடச் சொல்லும் சொல், துணி விரிப்பும் ஆகும் என்று நினைக்க வைத்துவிடும்.

மூன்று படிகளை முதலில் பார்ப்போம். ஒரே வேரிலிருந்து மூன்று சொல் செய்தால் அகராதியில் அழகாக இருக்கும், சுவரில் குழப்பும். வேலை வேறு வேறாக இருக்கும்போது சொல்லும் தள்ளித்தள்ளி நிற்பது நல்லது. சோப்பும் தண்ணீரும் கொண்டு அழுக்கை எடுப்பது 'கழுவுதல்'. கிருமிகளின் எண்ணிக்கையைப் பாதுகாப்பான அளவுக்கு இறக்குவது 'கிருமி குறைத்தல்'. குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைக்கும் உணவு படும் பரப்புக்கும் இது போதும். நோய் பரப்பும் கிருமிகளைக் கொன்று பரப்பைப் பாதுகாப்பாக்குவது 'தொற்றுநீக்கம்'. டயப்பர் மேசைக்கு வேண்டியது இதுதான். 'தொற்றுநீக்கி' நாம் புதிதாகச் செய்த சொல்லும் அல்ல, இலங்கைத் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது.

'கிருமிநாசினி' எல்லாருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே என்று யாராவது கேட்பீர்கள். தெரிந்திருப்பதுதான் சிக்கல். தரை துடைக்கும் நீர்மமும் கிருமிநாசினி, கையில் தேய்க்கும் ஜெல்லும் கிருமிநாசினி. ஒன்றின் இடத்தில் இன்னொன்று போதும் என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ், ஆல்கஹால் ஜெல்லுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. வயிற்றுப்போக்கு பரவும் இடத்தில் ஜெல்லை நம்பாமல் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கை கழுவ வேண்டும். கையுறை போட்டிருந்தாலும் கழற்றிய பிறகு கழுவத்தான் வேண்டும்.

அட்டையில் 'கழுவு', 'தொற்றுநீக்கு' என்ற இரண்டு ஏவல் வினைகளும் அதே வரிசையில் வர வேண்டும். மலத்தின் மீதம் இருக்கும் பரப்பில் குளோரின் (ப்ளீச்) கரைசலைத் தெளித்தால், மருந்தின் வலு அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். கிருமிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ப்ளீச்சை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும் என்பதும், அமிலமோ அம்மோனியாவோ உள்ள எந்தக் கழுவுநீர்மத்தோடும் சேர்க்கவே கூடாது என்பதும் இதே அட்டையில் இருக்கட்டும். சேர்த்தால் நச்சு வாயு வரும். கழிப்பறை கழுவும் நீர்மங்கள் பலவற்றில் அமிலம் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட சொல். என் பரிந்துரை 'ஈரநேரம்'. 'காண்டாக்ட் டைம்' என்ற ஆங்கிலப் பெயரே மேசைப் பக்கம் நிற்பவருக்கு உதவாத பெயர். எது எதைத் தொட வேண்டும் என்று அது சொல்வதில்லை. செய்ய வேண்டியதோ ஒன்றே ஒன்று: சீசாவின் லேபிளில் போட்டிருக்கும் நேரம் முழுக்கப் பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். சிலவற்றுக்கு 30 விநாடி, சிலவற்றுக்கு 10 நிமிடம். நடுவில் காய்ந்துவிட்டால் மறுபடி தெளித்து நனைக்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்துவிட்டால் மருந்தும் வீண், வேலையும் வீண். 'ஈரநேரம்: 10 நிமிடம்' என்று படிக்கும்போது இத்தனையும் தனி விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும். 'காயா நேரம்' என்றும் யோசித்தேன், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "காயா, பழமா?" என்று யாராவது தொடங்கிவிடுவார்கள்.

* * *

எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். வழக்கமாக இங்கே படிப்பதோடு சரி.

சொல் நன்றாக இருக்கிறது சார். ஆனால் பத்து நிமிடம் மேசையை ஈரமாக விட்டால், அடுத்த குழந்தை அதற்குள் அழ ஆரம்பித்துவிடும். நான் ஒரே ஆள். எங்களில் பலர் குழந்தையைத் துடைக்கும் வெட் வைப்ஸாலேயே மேசையையும் ஒரு துடை துடைத்துவிடுகிறோம். மேலே பேப்பர் விரித்துத்தான் குழந்தையைப் படுக்க வைக்கிறோம், எல்லாக் குழந்தையும் ஆரோக்கியமாகவும் இருக்கிறது. இதற்குமேல் அவ்வளவு தேவையா? நடக்காத ஒன்றுக்குப் பேர் வைத்து என்ன செய்வது?

* * *

சகோதரி, இந்த இழையில் வந்த மிக உருப்படியான மடல் உங்களுடையது.

கடைசிக் காரணத்திலிருந்து தொடங்குகிறேன். ஆரோக்கியமாகத் தெரியும் குழந்தையை இந்த விஷயத்தில் நம்ப முடியாது. கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைடிஸ் ஏ தொற்றிய சிறு குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. அவர்கள் ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள், மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும், படுத்துக்கொள்வது பராமரிக்கும் பெரியவர். வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் பரப்புகளில் பல நாள் உயிர்ப்போடு இருக்கும். சீதபேதி தரும் ஷிகெல்லாவோ 10 முதல் 100 கிருமிகள் வாய்க்குள் போனாலே நோய் தரக்கூடியது. கண்ணுக்குத் தெரியும் அழுக்குப் போன பிறகும் அவ்வளவு மிஞ்சுவது சுலபம்.

பேப்பர் விரிப்பது நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அது நகரும், கிழியும், ஈரம் அடியில் இறங்கும். அதனால் பேப்பர் போட்டாலும் ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் தொற்றுநீக்கம் வேண்டும். குழந்தை வைப்ஸ் தோலுக்காகச் செய்தது, மென்மையானது, கிருமியைக் கொல்லாது. மேசைக்கென்று தொற்றுநீக்கும் வைப்ஸ் தனியாக வருகிறது. அதற்கும் ஈரநேரம் உண்டு, ஒன்று போதாமல் காய்ந்தால் இரண்டாவதை எடுக்க வேண்டும். அதைக் குழந்தையின் தோலில் மட்டும் தொடாதீர்கள்.

நேரத்துக்கு இரண்டு வழி சொல்வேன். கடையில் வாங்கும்போதே லேபிளில் ஈரநேரத்தைப் பார்த்து, ஒன்றிரண்டு நிமிடம் போட்டிருப்பதை எடுங்கள். அல்லது, துடைக்கக்கூடிய விரிப்பு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஈரத்தில் இருக்கும்போது மற்றது மேசையில். எந்த வழியானாலும் குழந்தையின் கையையும் கழுவி, இறக்கி, பத்திரமான இடத்தில் விட்ட பிறகுதான் தெளிப்பான் கைக்கு வர வேண்டும். மேசையில் குழந்தை இருக்கும்போது தெளிக்கக் கூடாது. எதையாவது எடுக்கத் திரும்பினாலும் ஒரு கை குழந்தைமேல் இருக்க வேண்டும். அதனால் புது டயப்பர், வைப்ஸ், பை எல்லாவற்றையும் குழந்தையைத் தூக்குவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். அழுக்கான உடையை அலசப் போகாதீர்கள், தெறிக்கும். அப்படியே பையில் கட்டிப் பெற்றோரிடம் கொடுத்துவிடலாம். குப்பைத்தொட்டி காலால் மிதித்துத் திறக்கிற மாதிரி இருந்தால் மூடியைக் கழுவும் வேலையும் குறையும்.

* * *

எல்லாருக்கும் நன்றி. 'ஈரநேரம்', 'தொற்றுநீக்கு' இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம். நேரத்துக்குரிய எண்ணை அச்சிடாமல் கட்டமாக விட்டு, அவரவர் வாங்கும் சீசாவின் லேபிளைப் பார்த்து அழியாத மையால் எழுதிக்கொள்ளச் சொல்லப்போகிறோம். அட்டையில் அந்த வரி இப்படி வரும்:

"பேப்பரை எடு. சோப்பு நீரால் கழுவு. தொற்றுநீக்கி தெளி. ஈரநேரம் ____ நிமிடம், அதுவரை துடைக்காதே. உன் கையைக் கழுவு."

ஏவலை மரியாதைப் பன்மையாக்கினால் வரி இரண்டாக உடைகிறது, அதனால் ஒருமையிலேயே விட்டிருக்கிறோம். யாருக்காவது மறுப்பு உண்டா? அப்புறம் 'சேஞ்சிங் டேபிள்' இன்னும் பாக்கி. 'மாற்றுமேசை' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார், அது வேறொரு மேசைக்குப் பதிலாக வைத்த மேசை போல ஒலிக்கிறது. 'அணையாடை மேசை' என்றால் அணையாடை எது என்று முதலில் விளக்க வேண்டும். வேறு வராவிட்டால் 'டயப்பர் மேசை' என்றே அச்சுக்குப் போகும்.