அப்பா ஆறு மாசமா தினமும் நடக்கிறார், சுகர் பெரிசா இறங்கலை. எதை மாத்தணும்?

மந்தைவெளி_மகள்:
அப்பாவுக்கு 61 வயசு, 9 வருஷமா சர்க்கரை. காலையில 5.30க்கு கிளிமெபிரைட் 2 மி.கி. போட்டுக்கிட்டு, வெறும் வயித்தோட மெரினா மணல்ல 45 நிமிஷம் நடக்கிறார். டிபன் 7.30க்கு மேலதான். காலையும் ராத்திரியும் மெட்ஃபார்மின் 500 உண்டு. ஆறு மாசத்துல ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட்) 8.1லிருந்து 7.9 ஆச்சு, அவ்வளவுதான். வெறும் வயித்துல 120 காட்டுது, டிபன் முடிஞ்சு 2 மணி நேரத்துல 240. வாரத்துல ஒரு நாளாவது நடந்துக்கிட்டு இருக்கும்போதே கை நடுங்கி வேர்த்துக் கொட்டுது. ஒரு டீ, நாலு பிஸ்கட் உள்ள போனா சரியாயிடுது. வலது முட்டி வேற வலிக்குது. இன்னும் அதிகமா நடக்கணுமா, இல்ல ஜிம்லதான் சேர்க்கணுமா? எனக்கு 34 வயசு, எனக்கே ஹெச்பிஏ1சி 5.9 வந்திருக்கு. அதுக்கும் யாராவது சொல்லுங்க.

மாத்திரை_மேசை:
முட்டியும் ஜிம்மும் அப்புறம். முதல்ல அந்த நடுக்கத்தைப் பாருங்க, ஏன்னா அது பெரும்பாலும் சுகர் கீழே போறதோட அறிகுறி. கிளிமெபிரைட் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. போட்டதிலிருந்து அதோட வேலை ஏறிக்கிட்டே போய் 2, 3 மணி நேரத்துல உச்சத்துக்கு வரும். அந்த நேரத்துல வயித்துல ஒண்ணும் இல்ல, கால் சதையும் சர்க்கரையை இழுக்குது. ரெண்டும் சேர்ந்தா இறங்கத்தான் செய்யும். இந்த மாத்திரையை டிபன் தட்டு முன்னால வந்ததும் போடணும், எழுந்ததும் இல்ல. மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு இந்தத் தொல்லை ரொம்ப அபூர்வம்.

நடுங்கினா உடனே நிறுத்தி குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70க்குக் கீழ இருந்தா 15 கிராம் குளுக்கோஸ், இல்லன்னா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க, ஏறலன்னா அதே அளவு இன்னொரு தடவை. மீட்டர் கையில இல்லன்னா சர்க்கரைதான் முதல்ல. பிஸ்கட்டும் சாக்லேட்டும் இதுக்கு உதவாது, அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ரத்தத்துல சேர்றதைத் தாமதப்படுத்தும். சட்டைப் பையில ஒரு சின்ன குளுக்கோஸ் பொட்டலம் எப்பவும் இருக்கட்டும்.

டாக்டர்கிட்ட "நடக்கும்போது நடுங்குது"ன்னு மட்டும் சொல்லாம, தேதி, மணி, மீட்டர் எண் மூணையும் எழுதிக் கொண்டு போங்க. அதைப் பார்த்தாத்தான் மாத்திரையோட அளவைக் குறைக்கிறதா, மாத்திரையையே மாத்துறதான்னு அவர் முடிவு பண்ண முடியும். நீங்களா நிறுத்தாதீங்க. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி ஏதாவது போடுறாரான்னும் பாருங்க. அதெல்லாம் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைச்சிடும், வேர்வை மட்டும்தான் எச்சரிக்கும்.

முட்டி_முதல்_தோள்_வரை:
மேலே சொன்னதை முதலில் சரிசெய்யுங்கள். உடற்பயிற்சியைப் பற்றி நான் சொல்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு நடை குறைவில்லை, நேரம்தான் தப்பு. வெறும் வயிற்றில் 120, டிபனுக்குப் பின் 240 என்றால் சிக்கல் சாப்பாட்டுக்குப் பிறகுதான். சதை சுருங்கும்போது அதன் செல்களுக்குள் இருக்கும் குளுட்-4 என்ற கடத்தி, இன்சுலின் கூப்பிடாமலே மேற்பரப்புக்கு வந்து ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கிறது. இட்லியின் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் நேரத்தில் கால் அசைந்தால், அந்த ஏற்றம் அங்கேயே மட்டுப்படும். 2013இல் அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 10 பேரிடம் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. 45 நிமிட நடையைக் காலையில் மொத்தமாக நடந்தாலும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் 24 மணி நேரச் சர்க்கரை குறைந்தது. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஏற்றத்தை அடக்கியதில் பிரித்து நடந்ததே மேல்.

ஆகவே காலை நடையை 20 நிமிடமாகக் குறைத்து, டிபனுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் பிறகு 15, 15 நிமிடம் வையுங்கள். கை கழுவிய கால் மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். மொட்டை மாடி போதும். ஐப்பசி மழையில் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம், கத்திரி வெயிலில் மதிய நடையே வேண்டாம். வேகம் எவ்வளவு என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தொடர்ந்து இரண்டு நாள் விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்வது அடுத்த 1 முதல் 3 நாள் வரைதான் நீடிக்கும்.

மணலை விடுங்கள். உதிரி மணலில் நடக்க, தரையில் நடப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் குதிகால் புதைந்து கணுக்கால் திரும்புகிறது. அலை ஓரத்து ஈர மணலோ ஒரு பக்கம் சரிவு, ஒரு கால் எப்போதும் மற்றதைவிடத் தாழ்வாகவே விழும். வலிக்கும் முட்டிக்கு இரண்டும் ஆகாது. கடற்கரைச் சாலை நடைபாதையோ நாகேஸ்வர ராவ் பூங்காவோ போதும்.

இன்னொரு பாதி, தசைப் பயிற்சி. வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், நடுவே ஒரு நாள் இடைவெளி. ஜிம் அவசியமில்லை. கையில்லாத மர நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். பாதம் இரண்டும் இடுப்பு அகலத்தில், முட்டி கால் விரல்களின் திசையில். மூச்சை விட்டுக்கொண்டே எழவும், 3 எண்ணி மெதுவாக உட்காரவும். "தொப்"பென்று விழுந்தால் பலன் பாதி போய்விடும். 8 முதல் 12 முறை, ஒன்றரை நிமிட ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. முட்டி வலித்தால் நாற்காலி மேலே ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பிறகு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, துணிப்பையில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் போட்டு முழங்கையை மடக்கிப் பின்னால் இழுப்பது. தொடர்ந்து இரண்டு நாள் 12 எளிதாக வந்தால் மட்டும் எடை கூட்டவும். செய்யும்போது முட்டி லேசாக வலிப்பது பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலியோ வீக்கமோ இருந்தால், முந்தின நாள் செய்தது அதிகம்.

மந்தைவெளி_மகள்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு விஷயம். கண் டாக்டர் போன வருஷம் அப்பாவோட ரெட்டினாவில் (விழித்திரை) மாற்றம் இருக்குன்னு சொன்னார். எடை தூக்கலாமா? இதயத்துக்கு டிரெட்மில் டெஸ்ட் எடுத்துட்டுத்தான் ஆரம்பிக்கணுமா?

அடிப்பாதம்:
என்ன மாற்றம் என்பதைப் பொறுத்தது. லேசான ஆரம்ப நிலை என்றால் மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சிக்குத் தடையில்லை. புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கும் முற்றிய நிலை என்றால் மூச்சை அடக்கித் தூக்குவது, குதிப்பது, சிரசாசனம் எல்லாம் கூடாது. அழுத்தம் ஏறி அந்த மெல்லிய குழாய் வெடித்தால் கண்ணுக்குள் ரத்தம் கசியும். ஒரு வருடம் ஆகிவிட்டது, மறுபடி பார்த்துவிட்டு எடையைத் தொடுங்கள்.

நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் எதுவும் இல்லாமல் இப்போது 45 நிமிடம் நடப்பவருக்கு, அதே அளவு நடைக்காக டிரெட்மில் டெஸ்ட் பொதுவாகத் தேவைப்படாது. ஓட ஆரம்பிக்கிறார் என்றாலோ, படி ஏறும்போது தாடையிலோ இடது தோளிலோ பாரமாக உணர்ந்தாலோ முதலில் டாக்டர். நடக்கும்போதே நெஞ்சு இறுகி, உட்கார்ந்தும் அடங்காவிட்டால் 108.

பாதத்தை யாரும் கேட்கவில்லை, எனக்கு அதுதான் கவலை. 9 வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம், கிளிஞ்சல் குத்தியதுகூடத் தெரியாது. வெறுங்காலோடு மணலில் நடக்கவே வேண்டாம். எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்போ, பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடமுள்ள ஷூவோ போதும். ஷூ போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். திரும்பி வந்ததும் விரல் இடுக்கு வரை துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அரை மணியில் மறையவில்லை என்றால் அந்த ஷூவை மாற்றுங்கள்.

முட்டி_முதல்_தோள்_வரை:
உங்களுடைய 5.9 பற்றி. நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு இருக்கிறது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர், ஏறக்குறைய 3 வருடம். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் செய்தவர்களில் 39 பேருக்கு. எடை குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். தராசு நகரவில்லை என்று ஒரு மாதத்தில் விட்டுவிடாதீர்கள், இடுப்புச் சுற்றளவை அளந்து வையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90க்குள். வாரம் 150 நிமிட வேக நடை, 2 நாள் தசைப் பயிற்சி என்று தொடங்குங்கள்.

அப்பாவுக்கு அடுத்த ஹெச்பிஏ1சி 3 மாதம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். முறையான பயிற்சியால் சராசரியாக 0.6, 0.7 இறங்கும். அதற்கு முன்பே பலன் தெரிய வேண்டுமென்றால், டிபனுக்கு 2 மணி நேரம் கழித்து, நடந்த நாளிலும் நடக்காத நாளிலும் மீட்டரில் பார்த்து எழுதுங்கள். இரண்டு நாளும் அதே 4 இட்லி, அதே சட்னியாக இருக்கட்டும்.