பாலக்கோடு பெரிய வீடு குரூப்

பாலக்கோடு அத்தை: யாராச்சும் இருக்கீங்களா, ஒரு ஆள் வந்திருக்கான் மாடி ஒழுகறத சரி பண்றேங்கறான் அட்வான்ஸ் குடுக்கலாமா

கவிதா: யாரும்மா அது

பாலக்கோடு அத்தை: மேல தெருவுல வேலை முடிச்சாங்களாம் சாமான் மீதி இருக்காம் அதால நமக்கு பாதி ரேட்டாம். 28000 சொல்றான், 15000 இப்பவே குடுத்தா மத்தியானமே ஆரம்பிச்சிடறாங்களாம்

பிரபு: குடுக்காதீங்க அத்தை

பிரபு: மேல தெருவுல யார் வீடாம்

பாலக்கோடு அத்தை: முனை வீடுங்கறான்

கவிதா: அது பூட்டி ரெண்டு வருசம் ஆச்சேம்மா 🤦

ஓசூர் சித்தப்பா: அந்த மாமரத்த வெட்டுங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டீங்க

கவிதா: சின்ன மாமா, அது அப்பா வச்ச மரம். போன வருசம் ரெண்டு கூடை செந்தூரா தூக்கிட்டு போனப்ப வெட்டணும்னு தோணலயா

ஓசூர் சித்தப்பா: ஒரு கூடை

பாலக்கோடு அத்தை: சண்டைய அப்புறம் வெச்சுக்கோங்க. சுத்தியல எடுத்துட்டு மாடிக்கு போனான், டொக்கு டொக்குனு சத்தம், எறங்கி வந்து கை நிறைய காரைய காட்றான். ஸ்லாப்பே பொத்து போச்சும்மா இந்த மழைக்கே இறங்கிடும்னான். எனக்கு கை கால் ஓடல

நான்: அத்தை அந்த காரை என்ன கலரு

பாலக்கோடு அத்தை: வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி

நான்: நம்ம மாடியில பதிச்சது தட்டோடு, செவப்பு ஓடு. அடியில செங்கல் ஜல்லி. தட்டினா செவப்பா தான வரும்

பிரபு: பாக்கெட்லயே போட்டுட்டு வந்திருக்கான் 😂

பெரியப்பா: அனைவரும் கவனமாக படிக்கவும். மாடி ஒழுகினால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்லாப் அல்ல, தண்ணி வெளியேறும் குழாய். அதில் மாவிலை அடைத்திருக்கும், தண்ணி தேங்கி கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூட்டில் இறங்கும், அது ஹாலில் காலண்டர் மேல் கறையாக தெரியும், இதற்கு 28000 தேவையில்லை குச்சி போதும். அதற்கும் நிற்கவில்லை என்றால் தான் ஆள். ஆள் வைத்தால் எத்தனை சதுர அடி எத்தனை கோட்டிங், ஒழுகாமல் இருக்க அடிக்கும் மருந்து என்ன, எல்லாம் பேப்பரில் எழுதி வாங்கணும். மருந்தை நாமே கடையில் பில்லோடு வாங்கணும், டப்பா மூடியை நம் கண் முன்னால் திறக்கணும், இல்லையென்றால் வெள்ளை சிமெண்ட் தண்ணியை அடித்துவிட்டு மருந்து என்பான். பணம் வேலை நடக்க நடக்க தான். முடிந்ததும் குழாயை அடைத்து ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி ஒரு நாள் முழுக்க விடணும். கீழே ஈரம் காட்டவில்லை என்றால் தான் கடைசி பாக்கி. நான் பி.டபிள்யூ.டி.யில் 31 வருடம்

பிரபு: அப்பா சுருக்கமா

பெரியம்மா: அந்த போர்வெல் கதையையும் சொல்ல சொல்லு

ஓசூர் சித்தப்பா: 😂😂😂

பெரியப்பா: அது வேறு விஷயம்

பெரியம்மா: கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சே அந்த வருசம், 2004. காவேரிப்பட்டணத்துல எங்கம்மா வீட்டுக்கு போர் போட்டாங்க. வந்தவன் 400 அடினு கணக்கு சொல்லி காசு வாங்கிட்டு போயிட்டான். எங்கம்மா வாசல்ல உக்காந்து ராடு எறங்கறத எண்ணிட்டே இருந்தாங்க, 20 அடி ராடு, 14 தான் எறங்குச்சு. 280 அடி. இன்ஜினியர் மாப்பிள்ளை உள்ள தூங்கிட்டு இருந்தாரு

பெரியப்பா: ஜுரம்

கவிதா: அம்மா அவன் இன்னும் இருக்கானா?

பாலக்கோடு அத்தை: திண்ணையில உக்காந்திருக்கான் மோர் குடுத்தேன்

கவிதா: மோரா!!

பாலக்கோடு அத்தை: வெயில்ல வந்தவனுக்கு மோர் குடுக்காம

பிரபு: பேரு, ஊரு, போன் நம்பர் ஒரு பேப்பர்ல எழுதி குடுக்க சொல்லுங்க. வண்டி நம்பர போட்டோ எடுங்க. எங்க அண்ணன் பி.டபிள்யூ.டி. வீடியோ கால்ல வராருனு சொல்லுங்க

பாலக்கோடு அத்தை: சரி

நான்: அத்தை?

நான்: அத்தை??

கவிதா: போன் எடுக்க மாட்டேங்கறாங்க

பாலக்கோடு அத்தை: சொன்னேன். போன் வந்துருச்சுனு எந்திரிச்சான், கூட வந்த பசங்கள வண்டியில ஏத்திட்டு போயிட்டான். மோர் பாதி டம்ளர் அப்படியே இருக்கு

பிரபு: 👏👏

பாலக்கோடு அத்தை: ஆனா டீசலுக்குனு 1000 முன்னாடியே வாங்கிட்டான்

கவிதா: அம்மாஆஆ

ஓசூர் சித்தப்பா: கன்ஸ்யூமர் கோர்ட்ல போடலாம்

பெரியப்பா: 5 லட்சம் வரை அங்கு கட்டணமே கிடையாது, 1915க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். ஆனால் பில் இல்லை பேர் இல்லை. யார் மேல் போடுவாய்?

பெரியம்மா: போர்காரன் மேல போட்ட மாதிரி தான்

நான்: வண்டி நம்பர் எடுத்தீங்களா அத்தை

பாலக்கோடு அத்தை: எடுத்தேன் என் விரல் தான் விழுந்திருக்கு

பிரபு: ஞாயித்துக்கிழம யாராச்சும் போய் குழாய் அடைப்ப எடுக்கணும்

ஓசூர் சித்தப்பா: எனக்கு கல்யாணம் இருக்கு அதியமான்கோட்டைல

கவிதா: நான் பெங்களூர்ல இருந்து வரணும்னா லீவு கேக்கணும், பாக்கறேன்

பெரியப்பா: நான் வருகிறேன். ஆனால் ஏணி ஏற முடியாது. கீழே நின்று சொல்கிறேன்

பிரபு: அப்பா வேணாம்

ஓசூர் சித்தப்பா: செந்தூரா இந்த வருசம் காய்ச்சிருக்கா அக்கா?

பாலக்கோடு அத்தை: இருக்கு வந்து குழாய நோண்டிட்டு எடுத்துட்டு போ

ஓசூர் சித்தப்பா: கல்யாணம் காலைல தான். மத்தியானம் பாக்கறேன்

பாலக்கோடு அத்தை: இங்க இருட்டிட்டு வருது. பெரிய அண்டா யார் வீட்ல இருக்கு, பொங்கலுக்கு வாங்கிட்டு போனது